ஒருமுறை அந்த ஈயக் கப்பலில் ஏறிப் பாருங்கள்

பூச்சோங்கில் கடல் கிடையாது. ஆனாலும் நான் பிறந்து வளர்ந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு கப்பல் இருந்தது. இரவு பகல் ஓயாமல் கத்தும். இரும்போடு இரும்பு உரசி இழுபடும் அந்தக் கிறீச்சொலி இரண்டு மூன்று மைல் தள்ளியும் கேட்கும். கிள்ளானிலிருந்து வந்து தங்கும் அத்தை, விடிய விடியத் தூக்கமில்லை என்று காலையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எங்களுக்கோ அது தாலாட்டு. சத்தம் நின்றால்தான் வீடே விழித்துக்கொள்ளும். அப்பா பாயில் எழுந்து உட்கார்ந்து, "பக்கெட் நின்னுபோச்சு. எங்கியோ பின்னு போயிருக்கு," என்பார். வேலை முடிந்து வந்து அப்போதுதான் படுத்தவர். ஆனாலும் சத்தம் மறுபடி கிளம்பும் வரை தலையைச் சாய்க்க மாட்டார்.

மலாயில் அதற்குக் காப்பால் கோரேக் என்று பெயர், தோண்டுகிற கப்பல். நாங்கள் ஈயக் கப்பல் என்போம். வீட்டில் வெறும் 'கப்பல்'தான்.

அந்தக் கப்பல்கள் ஒன்றுகூட இன்று பூச்சோங்கில் இல்லை. வெட்டிப் பழைய இரும்பாகப் போட்டுவிட்டார்கள். அவை தோண்டிவிட்டுப் போன குட்டைகள் மட்டும் ஏரிகளாக மிஞ்சியிருக்கின்றன. மாலையில் நாம் கைவீசி நடக்கிறோமே, 'ஏரிக் காட்சி' என்று சொல்லிக் காண்டோமினியம் விற்கிறார்களே, அந்தத் தண்ணீரில் பெரும்பாலானது ஈயலம்பத் தண்ணீர்தான், அதாவது ஈயச் சுரங்கத் தண்ணீர். பக்கத்தில் சன்வே நகரமும் பழைய ஈயலம்பத்தின் மேல் எழுந்ததே. செரி கெம்பாங்கான் மைன்ஸ் ஏரி, பெயரிலேயே சுரங்கத்தை வைத்துக்கொண்டிருக்கிறது. ஊரெல்லாம் கப்பல் போன தடம் இருக்கிறது, கப்பலைத்தான் காணோம் என்று வெகுநாள் ஏங்கிக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் பத்து காஜாவுக்குப் போனேன். போனவன் மறுபடி போனேன். மூன்றாம் முறை, எண்பத்தொரு வயது அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

பேராக்கில், பத்து காஜாவிலிருந்து தஞ்சோங் துவாலாங் போகும் சாலையில் நிற்கிறது தஞ்சோங் துவாலாங் ஐந்தாம் எண் ஈயக் கப்பல். சுருக்கமாக டி.டி. 5. 1938இல் சதர்ன் மலாயன் டின் டிரெட்ஜிங் கம்பெனிக்காக, இங்கிலாந்தின் எஃப்.டபிள்யூ. பெய்ன் அண்ட் சன் நிறுவனம் வடிவமைத்துக் கட்டியது. 1982 வரை 44 ஆண்டு ஓடியது. எடை 4,500 டன். அதைத் தாங்கும் மிதவை 75 மீட்டர் நீளம், 35 மீட்டர் அகலம். இந்த எண்களைப் படிக்கும்போது ஒன்றும் தோன்றாது. செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு வளைவு திரும்பி, மூன்று மாடி உயரத்துக்கு ஒரு தகரக் கோட்டை தண்ணீரில் நிற்பதைப் பார்க்கும்போதுதான் மூச்சு நிற்கும். ஓர் ஆலையைப் பிடுங்கிப் படகில் ஏற்றி வைத்தது மாதிரி இருக்கும். உண்மையில் அது அதுதான்.

கார் நின்றதும் அப்பா இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "சத்தமே இல்லியேடா," என்றார்.

இந்தக் கப்பல் எப்படி வேலை செய்தது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இதைப் புரிந்துகொண்டு ஏறினால் ஒவ்வொரு படியும் பேசும். கப்பலின் முன்பக்கம் 'லேடர்' என்று ஒரு பெரிய இரும்புக் கை தண்ணீருக்குள் சரிந்து இறங்குகிறது. அதன்மேல் சங்கிலி கோத்தது போல வரிசையாக பக்கெட்டுகள். ஒவ்வொன்றும் ஒரு ஆள் உள்ளே குந்தி உட்காரும் அளவு. சங்கிலி சுற்றச் சுற்ற, பக்கெட்டுகள் அடியிலிருந்து சேற்றையும் மணலையும் வாரிக்கொண்டு மேலேறி உச்சியில் கவிழும். அங்கிருந்து மண், பீப்பாய் போலச் சுழலும் பெரிய சல்லடைக்குள் விழும். தண்ணீர் பீய்ச்சியடித்துக் கல்லையும் வேரையும் ஒதுக்கிவிடும். சல்லடையில் இறங்கிய மணல் ஜிக் என்னும் தொட்டிகளுக்குப் போகும்.

ஜிக்குக்கு முன்னால்தான் நான் ஒவ்வொரு முறையும் நெடுநேரம் நின்றுவிடுகிறேன். நம் அம்மாமார் அரிசி களைந்து கல் அரிப்பார்கள் அல்லவா? பாத்திரத்தைச் சாய்த்துச் சாய்த்து ஆட்ட, அரிசி மேலே வரும், கல் அடியில் தங்கும். ஜிக் செய்வதும் அதையேதான். ஈயக்கல் தண்ணீரைப் போல ஏழு மடங்கு கனம். சாதாரண மணல் இரண்டரை மடங்கைச் சற்றே தாண்டும். தொட்டியில் தண்ணீர் மேலும் கீழும் துடித்துக்கொண்டே இருக்க, கனமானது இறங்கும், லேசானது வழிந்து போகும். மருந்தில்லை, நெருப்பில்லை, தண்ணீரின் துடிப்பு ஒன்றே போதும். இதே வேலையை ஆற்றோரங்களில் துலாங் என்னும் மரத்தட்டை வைத்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் குனிந்து நின்று பெண்கள் செய்தார்கள். கப்பலுக்குள் இருப்பதும் பிரம்மாண்டமான துலாங்தான் என்று புரிந்த நிமிடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

ஈயம் போக மிஞ்சிய மணல், பின்பக்கச் சரிவுகள் வழியாகக் கப்பலுக்குப் பின்னாலேயே கொட்டும். முன்னால் தோண்டும், பின்னால் மூடும். ஆகவே கப்பலோடு சேர்ந்து குளமும் நகரும்! தான் மிதக்கும் தண்ணீரைத் தானே தோண்டிக்கொண்டு போகிற கப்பல் இது. கரையில் நங்கூரமிட்ட எஃகுக் கயிறுகளை வின்ச் இழுக்க, இடமும் வலமுமாக அசைந்து அசைந்து அடி அடியாக முன்னேறும். கிந்தா பள்ளத்தாக்கில் 1913இல் முதல் ஈயக் கப்பல் வேலையைத் தொடங்கியதிலிருந்து, இப்படித்தான் இந்த நாட்டின் பள்ளத்தாக்குகள் உழப்பட்டன. 1970களின் கடைசியில் உலகத்து ஈயத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மலேசியாவிலிருந்து போனது. கும்பகோணத்து ஈயச் சொம்பில் ரசம் வைத்தால் தனி வாசம் என்று பாட்டி சொல்வாரே, அந்த வெள்ளீயமும் இதுவும் ஒரே உலோகம். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசியதும் இதுதான்.

மேலே ஏறுவதற்கு முன் தலைக்கவசம் கொடுத்தார்கள். அப்பா அதை வாங்கி, ஒரு தடவை உள்ளே தடவிப் பார்த்து, வார் சரிசெய்து, கண்ணாடி பார்க்காமலே நேராக மாட்டிக்கொண்டார். நாற்பது வருடத்துக்கு முந்தைய கை அது. வழிகாட்ட வந்த மலாய்ப் பெண் இரும்புப் படிகளைக் காட்டி, "பாக்சிக், மெதுவாக வாருங்கள்," என்று கை நீட்டினார். அப்பா அந்தக் கையைப் பிடிக்கவில்லை. கைப்பிடிக் கம்பியையும் பிடிக்கவில்லை, புறங்கையை அதில் ஒட்டி வைத்து ஏறினார். ஏன் அப்படி என்று கேட்டேன். "கையில எந்நேரமும் கிரீஸ் இருக்கும்ல, பிடிச்சா வழுக்கும். இப்பிடி ஒட்டித்தான் ஏறணும்," என்றார்.

அப்பா கிரீஸ் போடுகிற வேலை பார்த்தவர். வெளியில் இருந்து பார்த்தால் சின்ன வேலை. கப்பலில் இருந்து பார்த்தால், அதுதான் உயிர். பக்கெட்டுகளைக் கோக்கும் பின்களும் புஷ்களும் நாள் முழுக்க மணலோடு அரைபடுபவை. லேடரின் உருளைகள், வின்ச்சின் பற்சக்கரங்கள், கயிறு ஓடும் கப்பிகள், சல்லடையின் தாங்கிகள் எல்லாவற்றுக்கும் வேளை தவறாமல் கிரீஸ் போக வேண்டும். ஒரு பின் காய்ந்தால் சங்கிலி இழுக்கும், சங்கிலி இழுத்தால் உச்சியில் இருக்கும் பெரிய உருளை தேயும், அது தேய்ந்தால் வேலையே நிற்கும். பக்கெட்டின் உதடுகளை மாங்கனீசு எஃகில் செய்திருப்பார்கள். அடி விழ விழ இறுகுகிற எஃகு அது. அப்படியிருந்தும் தேய்ந்து தேய்ந்து கத்தி போலாகிவிடும், அப்புறம் மாற்றுவார்கள். டி.டி. 5இன் பக்கெட் ஒன்றில் அப்பா என் விரலைப் பிடித்து அந்த விளிம்பில் ஓட்டிக் காட்டினார். ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் மெலிவு. "பாரு, இந்தப் பக்கம்தான் மண்ணு மோதும்," என்றார். கல்வெட்டு படிப்பது போல அந்தத் தேய்மானத்தை அவர் படித்தார்.

ஒரு ஷிப்டில் பத்திருபது பேர்தான் என்பார் அப்பா. மூன்று ஷிப்டு. சங்கு ஊதும், சம்பானில் ஏறிக் குளத்தைக் கடந்து கப்பலுக்குப் போக வேண்டும். தூக்குச் சட்டியில் சோறு, பாட்டிலில் கோப்பி ஓ. சாப்பிடுவதற்கு என்று தனி இடம் எதுவும் இல்லை, வின்ச் பக்கத்தில் காற்று வரும் மூலையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். தகரக் கூரை வெயிலில் வேகும். இரவில் விளக்கைச் சுற்றி ஈசல் மொய்க்கும், சோற்றுக்குள் விழும். பின்பக்கம் தூண்டில் போட்டு விரால் பிடித்த இரவுகளும் உண்டு. ஈயம் சேரும் இடம் மட்டும் கம்பி வலை போட்டுப் பூட்டியிருக்கும், காவலுக்கு ஜாகா நிற்பார். அந்தக் கறுப்பு மணல்தான் அத்தனை பேர் சம்பளமும்.

சத்தம்தான் எல்லாவற்றையும் விடப் பெரியது. வாய்விட்டுக் கத்தினாலும் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது. அதனால் கையால் பேசினார்கள். முஷ்டியை உயர்த்தினால் நிறுத்து. உள்ளங்கையைக் கீழே அழுத்தினால் லேடரை இறக்கு. ஆள்காட்டி விரலைச் சுழற்றினால் ஓட்டு. இரண்டு மணிக்கட்டையும் குறுக்கே வைத்தால் பின் போய்விட்டது. எங்கள் வீட்டில் அப்பா அம்மாவிடம் தண்ணீர் கேட்பதுகூடக் கையால்தான். காது மந்தம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். மந்தம் உண்மைதான், ஆனால் அந்தக் கையசைவுகள் ஒரு முழு மொழி என்பது டி.டி. 5இன் மேல்தளத்தில் நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. வின்ச்காரர் நிற்கும் இடத்தில் என்னை நிறுத்திவிட்டு, அப்பா இருபதடி தள்ளிப் போய் ஒவ்வொன்றாகக் காட்டினார். வழிகாட்டிப் பெண் தன் கைப்பேசியை எடுத்து அத்தனையையும் படம் பிடித்துக்கொண்டார். இன்னொரு தடவை காட்டச் சொன்னார். அப்பா காட்டினார். மூன்றாம் தடவையும் காட்டினார். என் கண் நிறைந்துவிட்டது.

இனி பராமரிப்பு. கப்பல் ஓடும்போது அதைப் பார்த்துக்கொள்வது ஒரு விதம், ஓடாமல் நிற்கும்போது பார்த்துக்கொள்வது வேறு விதம். இரண்டாவதுதான் கடினம் என்று நான் நினைக்கிறேன். அடியில் இருக்கும் மிதவை ஒரே பெட்டி அல்ல, உள்ளுக்குள் பல அறைகளாகத் தடுத்தது. ஓரிடத்தில் ஓட்டை விழுந்தால் எல்லாம் நிரம்பிவிடாமல் இருக்கவே அந்தத் தடுப்பு. ஓடிய காலத்தில் ஒவ்வோர் அறையிலும் கோல் விட்டு எத்தனை அங்குலம் தண்ணீர் ஏறியிருக்கிறது என்று அளந்து, பம்பு வைத்து இறைத்துவிடுவார்கள். அது தினசரி வேலை, பல் துலக்குவது போல. வேலை நின்றதும் கோல் விட ஆளில்லை, இறைக்க ஆளில்லை. துரு மட்டும் விடுப்பு எடுக்காமல் வேலை செய்தது. டி.டி. 5 கசிந்து ஒரு பக்கம் சாய்ந்தது, பார்வையாளர்கள் ஏறக்கூடாது என்று மூடினார்கள். சில ஆண்டுகள் பழுது பார்த்து மறுபடி நிமிர்த்தித் திறந்துவிட்டார்கள். 4,500 டன்னைச் சாய்வதிலிருந்து மீட்பது என்றால் என்ன என்று கற்பனை செய்து பாருங்கள். இதைச் செய்த ஒவ்வொருவரையும் கும்பிடத் தோன்றுகிறது.

மீட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதும் இதே பேராக்கில் நடந்ததுதான். லூமுட்டில் கே.டி. ரஹ்மாட் என்னும் போர்க்கப்பல், கடற்படைப் பணியிலிருந்து 2004இல் விலகி, 2011 முதல் அருங்காட்சியகமாக நின்றது. 2017 அக்டோபரில் தண்ணீர் ஏறி, நின்ற இடத்திலேயே மூழ்கியது. பீரங்கி வைத்த கப்பலை எதிரி யாரும் தொடவில்லை.

அதனால் டி.டி. 5இல் நான் பெயின்டைப் பார்க்கிறேன். எந்தப் படியில் புதிதாகப் பூசியிருக்கிறார்கள், எந்த மூலையில் துரு கொப்புளம் போட்டு எழும்புகிறது, சுரண்டிவிட்டு அடிப்பூச்சு மட்டும் கொடுத்துக் காய வைத்திருக்கும் இடம் எது என்று தேடித் தேடிப் பார்க்கிறேன். கைப்பிடிகளில் பார்வையாளர்களின் உள்ளங்கை பட்டுப் பட்டு நிறம் போன இடத்தைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கிறது, அத்தனை பேர் வந்திருக்கிறார்கள். கூரையில் ஒழுகல் இருக்கிறதா, தளத்தில் மழைத்தண்ணீர் தேங்கி நிற்கிறதா என்று அப்பாவும் பார்த்துக்கொண்டே வந்தார். நம் ஊர் மழையில், நம் ஊர் ஈரக் காற்றில் இரும்பை இரும்பாக வைத்திருப்பது சாதாரணமா? ஒரு மாதம் அசந்தால் ஒரு வருட வேலை கூடிவிடும்.

நான் இவ்வளவு உருகுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. என் தாத்தா நாகப்பட்டினத்தில் ராஜூலா ஏறி வந்தவர். 1926இல் கட்டிய அந்தக் கப்பல், ஏறக்குறைய ஐம்பது ஆண்டு நம் ஆட்களைச் சுமந்துகொண்டு சென்னை, நாகை, பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஓடியது. மலேசியத் தமிழர் வீடுகளில் அந்தப் பெயர் தெரியாத வீடு குறைவு. 1970களில் அதை உடைத்துவிட்டார்கள். டெக்கில் பாய் விரித்துப் படுத்த இடம் இதுதான் என்று காட்ட ஒரு பலகை இல்லை, தொட்டுப் பார்க்க ஒரு ஆணி இல்லை. தாத்தாவின் கப்பல் போய்விட்டது. அப்பாவின் கப்பலும் போய்விட்டது. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தபோது விலை பாதியாகி, லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடின. பூச்சோங்கில் சத்தம் நின்றது. அந்த முதல் இரவு எங்கள் வீட்டில் யாரும் தூங்கவில்லை. ஆனால் அப்பாவின் கப்பலுக்கு ஒரு அக்கா பத்து காஜாவில் உயிரோடு இருக்கிறாள். அவள் மடியில் ஏறி உட்காரலாம், பக்கெட்டைத் தொடலாம், ஜிக்குக்குள் எட்டிப் பார்க்கலாம். இதைவிட வேறென்ன வேண்டும்?

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பூச்சோங்கிலிருந்து விடியற்காலையில் கிளம்பினால் வடக்கு நெடுஞ்சாலையில் கோப்பேங் வழியாக இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். பெரும்பாலோர் கெல்லிஸ் காசல் பார்த்துவிட்டு, பக்கத்து மாரியம்மன் கோயில் கூரையில் கோட்டுப் போட்டு நிற்கும் கெல்லி துரையின் சிலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து திரும்பிவிடாதீர்கள், இன்னும் கொஞ்ச தூரம்தான். வெயில் ஏறுமுன் போங்கள், மேல்தளத் தகரம் சீக்கிரம் சூடாகிவிடும். ரப்பர் அடி வைத்த செருப்போ சப்பாத்தோ போடுங்கள். முக்கியமாக, வீட்டில் லம்பத்தில் வேலை செய்த பெரியவர் யாராவது இருந்தால் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். பலகையில் எழுதியிருப்பது ஒரு பங்கு என்றால் அவர்கள் சொல்வது நூறு பங்கு. மதியம் தஞ்சோங் துவாலாங்கில் பெரிய நன்னீர் இறால் கிடைக்கும். பழைய லம்பக் குட்டைகளில் வளர்க்கும் இறாலும் அதில் உண்டு. ஈயம் எடுத்த தண்ணீரில் இப்போது இறால் எடுக்கிறார்கள்.

இறங்கும்போது அப்பா லேடர் பக்கம் மறுபடி ஒருமுறை போனார். கைக்கு எட்டிய பின் ஒன்றில் ஆள்காட்டி விரலை ஓட்டினார். விரலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். கட்டைவிரலோடு சேர்த்து உருட்டிப் பார்த்தார்.

"ரொம்பக் காய்ஞ்சுபோச்சுடா," என்றார்.

ஓடாத கப்பலுக்கு எதற்கப்பா கிரீஸ் என்று நான் கேட்கவில்லை. காரில் வரும் வழியெல்லாம் அவர் அந்த விரலைத் துடைக்கவே இல்லை. பூச்சோங் வந்து, டோல் தாண்டி, எங்கள் தாமானுக்குத் திரும்பும் இடத்தில் ஏரிக்கரையில் நிறுத்தச் சொன்னார். நடைபாதையில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா இறங்கி, தண்ணீருக்கு அந்தப் பக்கம் நிற்கும் அடுக்குமாடியைக் காட்டினார். "அங்கதான் கடைசியா நின்னுச்சு. முன்பக்கம் இப்பிடி," என்று கையைக் காற்றில் சரித்து லேடரைக் காட்டினார். அப்புறம் முஷ்டியை உயர்த்தி நிறுத்தினார்.

வீட்டுக்கு வந்ததும் கொல்லைப்புறத்து அலமாரியைத் திறந்து எதையோ உருட்டினார். பழைய கிரீஸ் பம்பு ஒன்றை எடுத்து வெளியே வைத்தார். அடுத்த முறை எப்போது போகிறோம் என்று அன்றிரவே கேட்டுவிட்டார். பள்ளி விடுமுறையில், என்றேன். இந்த முறை என் மகனும் வருகிறான்.